ஒதிலியாவின் வாழ்வும் கல்வியும்

வாஷிங்டன்
14 செப்டம்பர் 1986

அன்புள்ள எலோடி,

இறைவன் அருளால் நான் சுகம். நீயும் வில்ஃப்ரட்டும் எப்படி இருக்கிறீர்கள்? மழை தொடங்கியிருக்குமே, உன் முழங்கால் என்ன சொல்கிறது? போன மாதம் அனுப்பிய தைலம் கிடைத்ததா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போன வாரம் சிவப்புக் கட்சியிலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் லான்சிகோ என் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றாமல் வியர்த்துக்கொண்டிருந்தார். கட்சித் தலைவரான பெரியவருக்குப் பக்கவாதமாம், இனி பேச்சு வராதாம். வசந்த காலத்தில் தேர்தல். "தலைமைக்குக் கணக்குத் தெரிஞ்ச ஆள் வேணும் டாக்டர். எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் வக்கீலுங்கதான்" என்றார்.

நான் சம்மதித்துவிட்டேன்.

பதினாறு வருடமாக, நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் இந்த வங்கியில் என் வேலை என்ன தெரியுமா? நம் தீவைப் போன்ற சின்ன நாட்டு மந்திரிகள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முடியாது என்று சொல்வது. ஒரு முறையாவது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். ஐரோப்பியர்கள் எல்லாரும் ஒரே சந்தையாகப் போகிறார்கள். இங்கிலாந்து நம் வாழைக்குத் தரும் பாதுகாப்பு அப்போது போய்விடும். ஆளும் மஞ்சள் கட்சிக்காரர்களுக்கு இது தெரியவே இல்லை. தெரிந்தவள் சும்மா இருந்தால் அது என்ன படிப்பு?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என் வாழ்க்கையையும் படிப்பையும் பற்றி ஒரு சிறு புத்தகம் வேண்டுமாம், வீட்டுக்கு வீடு கொடுக்க. லான்சிகோ எழுதினால் நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி இருக்கும். நீ எழுது. தொலைபேசியில் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடாதே. எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுக்கும் பெண் யாருடைய மருமகள் என்று உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஒதிலியா

*

லான்ஸ் நுவார்
28 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். தைலம் வந்தது, முழங்கால்தான் கேட்கவில்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைத்தாயா?

கடிதத்தை எரித்துவிட்டேன். வில்ஃப்ரட்டிடம் மட்டும் சொன்னேன். வாழைத்தோப்புக்குப் போகக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "உங்கக்கா பேசுறது நம்ம ஊருக்குப் புரியுமா?" என்று கேட்டார். அதோடு சரி.

எனக்குப் பெருமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் எழுத ஆரம்பித்துவிட்டேன். லான்ஸ் நுவார் பள்ளி, நகரத்துக் கன்னியர் மடம், 1958-இல் தீவு உதவித்தொகை. வருடத்துக்கு ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது முதல் தடவையாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது என்று அழுத்தி எழுதியிருக்கிறேன். பிறகு ஜமைக்கா. மருத்துவம் படிக்கப் போனவள் முதல் வருடத்திலேயே பொருளாதாரத்துக்கு மாறிய கதை. இரண்டு வருடம் உன் கடிதங்களில் மழை இருந்தது, சளி இருந்தது, சாப்பாடு இருந்தது; இது மட்டும் இல்லை! கடைசியில் மான்ட்ரியாலில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு நீ வந்து இறங்கியபோது ஊர்க் கிழவிகள் வரிசையாக வந்து முட்டியைக் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? "இவ நாட்டுக்கு டாக்டர், முட்டிக்கு இல்ல" என்று அப்பா சமாளித்தார். அதைக் கட்டாயம் போடப் போகிறேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாஷிங்டனில் வேலை, திருமணம், பிரிவு. நடுவில் என்ன எழுதட்டும்? இங்கே எல்லாரும் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்விதான். பல் டாக்டர் ஃபோந்தேனுக்குப் போன தேர்தலில் நடந்தது உனக்குத் தெரியும். கனடாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர் நம் சட்டசபையில் உட்கார முடியாது என்று நீதிமன்றம் துரத்திவிட்டது. நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அமெரிக்கக் குடியுரிமை எடுக்கவில்லை என்று ஒரு வரி உன் கையால் எழுதி அனுப்பு. யார் கேட்டாலும் நான் பேசிக்கொள்வேன்.

அன்புடன்,
எலோடி

*

வாஷிங்டன்
19 அக்டோபர் 1986

அன்புள்ள எலோடி,

சுகம். உப்பைக் குறைத்துவிட்டேன், சாப்பாட்டில் ருசியும் குறைந்துவிட்டது. வில்ஃப்ரட்டுக்கு என் அன்பு. நான் பேசுவது புரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேட்கச் சொல்.

நீ அனுப்பிய பக்கங்களைச் சிரித்துச் சிரித்துப் படித்தேன். முட்டிக் கதை இருக்கட்டும். சில திருத்தங்கள்: மடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் சிஸ்டர் பெனடிக்டா இல்லை, சிஸ்டர் ஆன்சிலா. பெனடிக்டா தையல். மருத்துவத்தை விட்டதற்குக் காரணம் பிணவறை நாற்றம் என்று எழுதாதே. ஜமைக்காவில் ஒரு மாலை தவறான வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு தீவு ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஒருவர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். சாபமும் இல்லை, சோம்பலும் இல்லை, வெறும் நான்கு கோடுகள். அன்று எழுந்திருக்கவே முடியவில்லை. அதை எழுது. மான்ட்ரியாலில் என் ஆய்வேடு வாழையைப் பற்றியது. விலையைத் தீர்மானிக்க முடியாத ஒரு நாடு வேறு எதைத் தீர்மானிக்கலாம் என்பதுதான் கேள்வி.

வாஷிங்டன் வருடங்கள் சலிப்பானவை. நாடுகளின் கடன்களைப் பார்த்தாள் என்று ஒரு வரி போதும்.

கல்லறைத் திருநாள் வருகிறது. அம்மாவின் கல்லறைக்கு நல்ல சுண்ணாம்பாக வாங்கு, போன வருடம் உரிந்துவிட்டது என்றாயே. என் பங்குக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

அன்புடன்,
ஒதிலியா

*

லான்ஸ் நுவார்
4 நவம்பர் 1986

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க அம்மாவின் தலைமாட்டில் நின்று வேண்டிக்கொண்டேன்.

நான் கேட்ட ஒரு வரியை நீ அனுப்பவில்லை. கேட்பதே அவமானம் என்று நினைத்திருப்பாய் என எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள்.

அந்தி சாய்ந்ததும் ஊரே கல்லறையில்தான். இரண்டு கட்சியும், இரண்டு கட்சிப் பிணங்களும். பிள்ளைகள் உருகிய மெழுகை உருண்டை பிடித்து எறிந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் கட்சி மகளிர் அணித் தலைவி, ரொட்டிக்கடை மரீஸ், அவள் புருஷன் கல்லறையில் உட்கார்ந்திருந்தாள். நம் அம்மாவிடமிருந்து மூன்று கல்லறை தள்ளி. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"எலோடி, உங்கக்கா வர்றாளாமே. எந்தப் பாஸ்போர்ட்டுல வர்றா?"

"நம்ம பாஸ்போர்ட்டுலதான். வேற எதுல?"

"புரூக்ளின்ல இருக்கிற என் மவன் வேற மாதிரி சொல்றானே."

"உன் மவன் சொல்றதெல்லாம் நிஜமா இருந்தா, இந்நேரம் உன் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்திருக்கணும் மரீஸ்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கட்சிக்காரர்களும். மரீஸ் மட்டும் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"சரிடி டீச்சர், சிரிச்சாச்சு. இப்ப உங்கம்மா மேல கைய வச்சுச் சொல்லு."

நான் வைத்தேன். சுண்ணாம்பு சரியாகக் காய்ந்திருக்கவில்லை. "எங்கக்கா வேற எந்த நாட்டுக்கும் சத்தியம் செஞ்சதில்ல. இது எங்கம்மா மேல சத்தியம்" என்றேன். மெழுகு எறிந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். மரீஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "போதும். இனிமே நான் கேக்க மாட்டேன். எங்காளுங்களும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

கல்லறையில் சொன்னதை நம் ஊரில் யாரும் திரும்பக் கேட்பதில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கேள்வி நம் தொகுதியில் செத்துவிட்டது அக்கா. நீ நிம்மதியாக வா.

அன்புடன்,
எலோடி

*

வாஷிங்டன்
30 நவம்பர் 1986

எலோடி,

சுகம். மூட்டை கட்டுவதில் கை ஒழியவில்லை, அதனால்தான் தாமதம்.

நீ யாரையும் கேட்காமல் அப்படியெல்லாம் செய்திருக்கக் கூடாது. தேர்தலை எங்கே நடத்த வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. இனி யார் எதைக் கேட்டாலும் லான்சிகோவைக் கேட்கச் சொல்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஊருக்கு வருவேன். பிளாக் கேக்கில் ரம் குறைவாக ஊற்று, படம் எடுப்பவர்கள் வருவார்கள்.

ஒதிலியா

*

லான்ஸ் நுவார்
29 டிசம்பர் 1986

அன்புள்ள அக்கா,

நலம்தானே? நேற்று முன்தினம் பார்த்தபோது களைத்திருந்தாய்.

நகரம் இங்கிருந்து இரண்டு மணி நேரம்தான். இருந்தும் கடிதம் எழுதுகிறேன், வேன் ஓட்டும் தியோ கொண்டுவந்து உன் கையில் மட்டும் கொடுப்பான். வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் இருந்தாய். உன்னோடு இரண்டு நிமிடம் தனியாகப் பேச முடியவில்லை. சமையலறைக்குள் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அங்கே லான்சிகோ கேக் தின்றுகொண்டிருந்தார். தோட்டத்துக்கு அழைத்தேன், "அப்புறம்" என்றாய். நான் வாயைத் திறக்கப் போகிறேன் என்று தெரிந்தபோதெல்லாம் நீ யாராவது ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாய். உனக்குக் குழந்தைகளைத் தூக்கத் தெரியாது அக்கா.

மரீஸ் கடையை மூடிவிட்டுத் தெருவில் நின்று உன்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கத்தவில்லை. அவள் கட்சித் தலைமை அவளை நகரத்துக்குக் கூப்பிட்டுத் திட்டியதாம், பாஸ்போர்ட் விஷயத்தை ஏன் எடுக்கவில்லை என்று. "கல்லறையில முடிஞ்ச பேச்ச நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

புத்தகம் முடிந்துவிட்டது. லான்சிகோ ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்கிறார். 'பிறந்த மண்ணைத் தவிர வேறெந்த நாட்டின் குடியுரிமையையும் ஒருபோதும் ஏற்காதவர்.' நான் சேர்க்கவில்லை. முன்பு மருத்துவத்தை விட்டபோது எழுதினாயே, அந்தக் கடிதங்களை நினைத்துக்கொண்டேன். மழை, சளி, சாப்பாடு. செப்டம்பரிலிருந்து நீ எழுதியதும் அப்படித்தான் இருக்கிறது.

எடுத்தாயா, இல்லையா? ஒரு சொல் போதும்.

எலோடி

*

பிரிட்ஜ்டவுன், பார்படோஸ்
15 ஜனவரி 1987

அன்புள்ள எலோடி,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

எடுத்தேன். 1978 மே மாதம். இருநூறு பேரோடு ஒரு மண்டபத்தில் நின்று கையைத் தூக்கினேன்.

வளர்ச்சி வங்கிக் கூட்டம் என்று சொல்லிவிட்டு இந்தத் தீவுக்கு வந்தேன். இன்று காலை அமெரிக்கத் தூதரகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு இளைஞன் மிகவும் மரியாதையாக, "மேடம், நன்றாக யோசித்துவிட்டீர்களா?" என்று மூன்று முறை கேட்டான். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். வேட்புமனு நாள் பிப்ரவரி 23. சட்டப்படி அதற்குள் நான் சுத்தம். எந்த நீதிமன்றமும் என்னைத் தொட முடியாது.

லான்சிகோவுக்குத் தெரியும். கேள்வி வந்தால், அம்மாவின் கண் அறுவைக்கு அழைத்துப்போகத்தான் எடுத்தேன் என்று சொல்லலாம் என்கிறார். கேட்பவர்கள் அழுவார்கள். ஆனால் அம்மாவுக்குக் கண் போனது 1980-இல். எடுத்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை எலோடி. விமான நிலையங்களில் எப்போதும் நீண்ட வரிசையில் நின்றேன். வங்கியில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் குட்டை வரிசையில் முன்னால் போவார்கள். ஒரு நாள் எனக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

நீ கல்லறையில் கை வைத்ததைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் உன்னைக் கடிந்துகொண்டு ஒரு துண்டு எழுதினேன்.

மார்ச் 16 வரை பொறு. வாக்குப்பதிவு முடிந்ததும் நானே எல்லாரிடமும் சொல்கிறேன். அதுவரை நீ எதுவும் சொல்ல வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும்.

உன்,
ஒதிலியா

*

லான்ஸ் நுவார்
27 ஜனவரி 1987

அக்கா,

நாங்கள் சுகம்.

புத்தகக் கட்டுகள் நேற்று வந்தன. அட்டையில் உன் படம், அடியில் 'எழுதியவர்: எலோடி பிராஸ்பர், ஆசிரியை'. கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் இருக்கிறது. நான் எழுதாத வாக்கியம், என் பெயரில். கட்டுகளை உரச் சாக்குகளுக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

நீ எடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. நான் அந்த வரிசைகளில் நின்றதில்லை. நீ உன் சத்தியத்தை ஒரு தூதரகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாய். என்னுடையதைத் திருப்பி வாங்க எனக்கு எந்தத் தூதரகம் இருக்கிறது? ரொட்டி வாங்கப் போகிறேன், மரீஸ் என் முகத்தைப் பார்த்துச் சில்லறை கொடுக்கிறாள். அவளுடைய கட்சி அவளை மகளிர் அணியிலிருந்து நீக்கிவிட்டது, தெரியுமா? என் வார்த்தையை நம்பியதற்காக.

மார்ச் 8, தவக்காலத்தின் முதல் ஞாயிறு, நம் ஊர் மைதானத்தில் நீ பேசுவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே நீயே சொல்லிவிடு. இப்போது நீ சுத்தம் என்கிறாயே, பிறகு என்ன பயம்? "என் தங்கச்சிக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

எலோடி

*

நகரம்
12 பிப்ரவரி 1987

அன்புள்ள எலோடி,

நலம்தானே? வில்ஃப்ரட்டின் தோப்பில் காற்று சேதம் செய்ததாகக் கேள்விப்பட்டேன்.

உன் கோபம் நியாயம். ஆனால் யோசித்துப் பார். எட்டுத் தொகுதிகளில் இழுபறி. நான் வாயைத் திறந்தால், 'திருப்பிக் கொடுத்துவிட்டாள்' என்பது யார் காதிலும் விழாது. 'எடுத்தாள்' என்பது மட்டும்தான் விழும். மஞ்சள் கட்சி இன்னும் ஐந்து வருடம் இருந்தால், வாழைச் சந்தை போகும் நாளில் நம்மிடம் எதுவும் இருக்காது. வில்ஃப்ரட்டுக்கும் இருக்காது, மரீஸின் ரொட்டியை வாங்க ஆளும் இருக்காது. ஒரு பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெண்ணின் மன உறுத்தல். மறுபக்கம் ஒரு தீவு. என்னை எதற்குப் படிக்க வைத்தார்கள்? இப்படிப்பட்டதை எடை போடத்தானே?

மரீஸுக்குத் தேர்தல் முடிந்ததும் நான் ஈடு செய்வேன்.

மார்ச் 8 கூட்டத்தை நகரத்துக்கு மாற்றியிருக்கிறோம். லான்ஸ் நுவாருக்கு என்னால் வர முடியாது.

நீ அரசாங்கப் பள்ளி ஆசிரியை, அரசியல் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, லான்சிகோ நினைவூட்டச் சொன்னார்.

தயவுசெய்து, எலோடி.

உன் அக்கா

*

லான்ஸ் நுவார்
9 மார்ச் 1987

அக்கா,

நேற்று நடந்ததை வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதுகிறேன்.

பூசை முடிந்து எல்லாரும் கோயில் படிக்கட்டில் நின்றிருந்தார்கள். நான் மேல்படியில் நின்று, "எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். வகுப்பில் சொல்வது மாதிரிதான் வந்தது. முன்னால் நின்ற பையன்கள் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றினார்கள்.

"கல்லறைத் திருநாளன்னிக்கு எங்கம்மா மேல கைய வச்சு ஒண்ணு சொன்னேன். அது பொய். பொய்னு அப்ப எனக்குத் தெரியாது. எங்கக்கா எழுபத்தெட்டுல அமெரிக்காவுக்குச் சத்தியம் செஞ்சா. இந்த ஜனவரி பதினஞ்சாம் தேதி அதத் திருப்பிக் குடுத்துட்டா. இப்ப அவ நம்ம ஆளு மட்டுந்தான். நீங்க அவளுக்கு ஓட்டு போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. நான் சொன்னத நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

சாமியார் உள்ளே போய்விட்டார். கூட்டத்திலிருந்து மரீஸ் முன்னால் வந்தாள். அறைவாள் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால், பாதையை, கார்கள் வரும் வளைவைப் பார்த்தாள்.

"நீ இங்க நின்னு சொல்ற. உங்கக்கா எங்கேடி?" என்றாள்.

வில்ஃப்ரட் வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வானொலிக்காரர்கள் உன்னிடம் வருவார்கள். ஆமாம் என்று சொல் அக்கா. ஒரே ஒரு முறை.

எலோடி

*

நகரம்
18 மார்ச் 1987

அன்புள்ள எலோடி,

சுகம்தானே? இங்கே ஒரே இரைச்சல், தொண்டை கட்டிவிட்டது. இஞ்சிக் கஷாயம் குடிக்கிறேன்.

நேற்று முழு முடிவும் வந்துவிட்டது. பதினைந்தில் எட்டு நமக்கு. நம் தொகுதியில் எனக்கு மயிரிழையில் வெற்றி. லான்ஸ் நுவார் வாக்குச் சாவடியில் படு தோல்வி. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஊர் மனது மாறும்.

திங்கட்கிழமை காலை பிரதமராகப் பதவிப் பிரமாணம். அப்பாவும் அம்மாவும் இருந்திருக்க வேண்டும். எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். முன் வரிசையில் என் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நாற்காலி இருக்கிறது. வேதாகமத்தைக் கையில் பிடித்திருக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டுமாம், அது வழக்கமாம். நீ பிடித்தால் நன்றாக இருக்கும். கார் அனுப்புகிறேன்.

உன் புத்தகத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். முட்டிக் கதையை ஆளுநர்கூடச் சொல்லிச் சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஓய்வு எடு.

அன்புடன்,
ஒதிலியா

*

லான்ஸ் நுவார்
19 மார்ச் 1987

அக்காவுக்கு,

நான் சுகம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்.

பத்தாம் தேதி மதியச் செய்தியை ஆசிரியர் அறையில் கேட்டேன். 'டாக்டர் பிராஸ்பரின் சகோதரி சில காலமாக மனநலம் குன்றியிருக்கிறார். அவர் சொன்னவை நோயின் குழப்பத்தில் சொன்னவை. இந்த வேதனையான நேரத்தில் அவருக்காக ஜெபிக்கும்படி டாக்டர் பிராஸ்பர் கேட்டுக்கொள்கிறார்.' ஒன்பது ஆசிரியர்கள் மேஜையைப் பார்த்தபடி சாப்பிட்டோம். உன் கடிதத்தில் அது எங்காவது இருக்கும் என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். கஷாயம் இருக்கிறது, ஆளுநர் இருக்கிறார். 'ஓய்வு எடு' என்று இருக்கிறது.

நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஊர் என்ன செய்யுமோ அதை எல்லாரும் செய்தார்கள். அன்று மாலையிலிருந்து வாசலில் பாத்திரங்கள். மீன் சாறு, வாழைக்காய்க் கஞ்சி, வறுத்த ஈரப்பலா. சிவப்புக்காரர்களும்தான். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார்கள். உன் சாவடி முடிவு உனக்கு ஏன் புரியவில்லை என்று தெரியவில்லை. அது எப்போதோ என் வாசலில் எண்ணியாகிவிட்டது.

மரீஸ் தினமும் மாலை கடையை மூடிவிட்டு வருகிறாள். நாற்காலியை என் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எப்படிடி இருக்கு பைத்தியம்?" என்கிறாள். முதல் நாள் நான் அழுதேன். இப்போது இரண்டு பேரும் சிரிக்கிறோம். என்னை அவள் மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவில்லை. ரொட்டி கொண்டு வருகிறாள், காசு வாங்கிக்கொள்கிறாள்.

பள்ளிக்குக் கடிதம் வந்திருக்கிறது, மருத்துவ விடுப்பில் போகும்படி. அதை நீ அனுப்பியிருக்க மாட்டாய். அனுப்ப வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாய்.

நீ நல்ல தலைவியாக இருப்பாய் அக்கா. இதைக் கசப்போடு எழுதவில்லை. வாழையைப் பற்றி நீ சொன்னதெல்லாம் சரியாக இருக்கும். அந்த நான்கு கோடுகளை நீ வரைந்து காட்டினால் உலகமே கேட்கும். என் பெயரில் வந்த புத்தகங்கள் இன்னும் உரச் சாக்குக்குப் பின்னால்தான் இருக்கின்றன. நகரத்தில் எல்லாரும் புகழ்வது வேறு கட்டாக இருக்கும். நான் எழுதிய பக்கங்களில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதை எழுதியபோது எனக்கு உன்னை அவ்வளவு பிடித்திருந்தது.

திங்கட்கிழமை வருகிறேன். கார் வேண்டாம், தியோவின் வேனில் வருகிறேன். மரீஸும் என்னோடு வருவாள்; நோயாளியைத் தனியாக அனுப்பக் கூடாதாம். வேதாகமத்தை வேறு யாராவது பிடிக்கட்டும். முன் வரிசையும் வேண்டாம். பக்கவாட்டில், சுவரோரம், இரண்டு நாற்காலி போடச் சொல். நீ கையை வைத்துச் சொல்லும்போது உன் முகம் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

எலோடி